வீட்டுக்குச் சொன்ன விலை

விற்பவர் விலை சொல்கிறார். வாங்குபவர் விலைக்குக் கேட்கிறார். நம் தாய்மொழியில் இவ்விரு சொற்களும் எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டன! சொல்வது நம் கையில் உள்ளது. கேட்பதோ பிறர் கையில் உள்ளது. சொன்ன விலைக்குக் கேட்பார் இல்லையெனில் என் செய்வது? விலையைக் குறைப்பதா, பொறுத்திருப்பதா? குறைப்பதாயின் எப்போது, எவ்வளவு, யாரைக் கலந்து? வீடு விற்க நேர்ந்த இல்லத்தார் பலர் இவ்வினாக்களுக்கு விடை காணாது ஆண்டுக்கணக்கில் அல்லலுறுவதை அன்னூர் வட்டாரத்தில் நாம் கண்டுவருகிறோம். ஆகவே இத்திங்கள் இதனைப் பற்றிச் சற்றே சிந்திப்போம்.

“வீடு வாங்குவதும் விற்பதும் உலகக் காரியம், பங்குக் குருவானவருக்கு அதில் என்ன அக்கறை?” எனச் சிலர் வினவக்கூடும். விலை படியாத வீட்டைப் பற்றிய பேச்சு வீட்டோடு நின்றுவிடுவதில்லை. அண்ணன் தம்பியிடையே பேச்சு நின்றுபோகிறது. பிறந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு மகள் வருவதில்லை. முதிய தாயை யார் வைத்துக்கொள்வது என்னும் கேள்வி தலைதூக்குகிறது. இவையெல்லாம் இறுதியில் குருமனையின் வாயிலுக்கே வந்து சேர்கின்றன. முறிந்த உறவை ஒட்டவைப்பதைவிட, முறியும் முன்னரே ஒரு சொல் சொல்லிவைப்பது எளிதன்றோ?

பெயரோ தெருவோ குறிப்பிடாமல், பல இல்லங்களில் கண்டவற்றை ஒரே இல்லத்தின் நிலையாகச் சேர்த்துக் கூறுகிறோம். சத்தியமங்கலம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஐந்து சென்ட் மனையில் ஒரு தார்சு வீடு. நூற்பாலையில் உழைத்து அதைக் கட்டிய தந்தை காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மூத்த மகன் வளைகுடா நாட்டில் இருக்கிறார். இளையவர் திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறார். மகள் கோவையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். தாய் இளைய மகனோடு தங்கியுள்ளார். தந்தையின் மருத்துவத்துக்கு வாங்கிய கடன் 10 இலட்சம் இன்னும் அடைபடவில்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது. சொன்ன விலை 45 இலட்சம். முதல் மூன்று திங்களுக்குள் ஒருவர் 40 இலட்சத்துக்குக் கேட்டார். “அடுத்த தெருவில் 48க்குப் போயிருக்கிறது, 45இல் ஒரு ரூபாய் குறையாது” என்று மூத்தவர் தொலைபேசியிலேயே முடித்துவிட்டார். கேட்டவர் வேறு வீடு வாங்கிக் குடியேறிவிட்டார். ஈராண்டுகள் ஓடின. சுவரில் வெடிப்பு, கதவில் கறையான். தாய் தம் மக்களிடம் கேட்பது ஒன்றே: “நான் கண்ணை மூடறதுக்குள்ள நீங்க மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சோறு திங்கோணும் கண்ணு.”

இந்தத் தாயின் ஆசைக்கும் வீட்டு விலைக்கும் உள்ள தொடர்பைத்தான் நாம் ஆராய வேண்டும்.

பூட்டிய வீடும் தின்கிறது

துண்டுக்குள் கைவிட்டு, விரல்களைப் பிடித்து விலை பேசும் மாட்டுச் சந்தை வழக்கத்தை நம் முதியோர் நன்கறிவர். காலையில் ஒரு விலை சொல்லும் உழவர் உச்சிப்பொழுதில் அதைச் சற்றுத் தளர்த்துவார். பொழுது சாய்கையில் இன்னும் தளர்த்துவார். அவர் ஏமாளி அல்லர். விற்காத மாட்டைத் திரும்பக் கொண்டுசெல்ல வண்டி வாடகை வேண்டும். அடுத்த சந்தை வரை தீனி வேண்டும். இந்தக் கணக்கு அவர் கண்முன்னே நிற்கிறது. வீடு விற்பவருக்கோ அப்படி நிற்பதில்லை. பூட்டிய வீடு தீனி கேட்டுக் கத்துவதில்லை. ஆனால் அதுவும் தின்கிறது, ஓசையின்றித் தின்கிறது.

மேற்கூறிய இல்லத்தின் கணக்கையே போட்டுப் பாருங்கள். 40 இலட்சத்துக்கு அன்றே விற்றிருந்தால் 10 இலட்சம் கடன் தீர்ந்திருக்கும். அதற்கு ஆண்டு வட்டி 12 விழுக்காடு எனக் கொண்டால், ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் மிச்சம். எஞ்சிய 30 இலட்சத்தை வங்கியில் 7 விழுக்காட்டுக்கு வைத்திருந்தால் ஆண்டுக்கு 2,10,000 ரூபாய் வரவு. ஆக ஆண்டுக்கு 3,30,000. திங்களுக்கு 27,500 ரூபாய். இதுவே அந்தப் பூட்டிய வீடு திங்கள்தோறும் தின்னும் தீனி. ஈராண்டில் 6,60,000 ரூபாய் போயிற்று. அதன்பின் 42 இலட்சத்துக்கு விற்றால், கூடுதலாகக் கிடைத்தது 2 இலட்சம்; இழந்தது 6,60,000. வீட்டுவரி, வெடிப்பைப் பூசிய கூலி ஆகியவை தனி. வென்றதாக எண்ணியவர் நாலரை இலட்சத்துக்கு மேல் தோற்றிருக்கிறார்!

வட்டி வீதம் இல்லத்துக்கு இல்லம் மாறும். வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் அவ்வாடகையைக் கழித்துக்கொள்ள வேண்டும். கணக்குப் போடும் முறை மட்டும் மாறாது. ஒருவர் கேட்ட விலையை மறுக்குமுன், “இன்னும் ஆறு திங்கள் பொறுத்தால் ஆறு திங்கள் தீனிக்கு மேல் விலை ஏறுமா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில், 41 இலட்சத்து 65 ஆயிரத்துக்கு மேல் கிடைக்கும் என்னும் நம்பிக்கைக்குத் தக்க சான்று இருந்தால்தான் ஆறு திங்கள் பொறுப்பது அறிவுடைமை. சான்று இன்றிப் பொறுப்பது பொறுமையன்று, பிடிவாதமே ஆகும்.

விலை எங்கிருந்து பிறக்கிறது?

சொல்லும் விலையை நம்மவர் பெரும்பாலும் மூன்று வழிகளில் வகுக்கின்றனர். முதலாவது, செவிவழிச் செய்தி. “அடுத்த தெருவில் 48க்குப் போனதாம்.” அந்த வீடு எத்தனை சென்ட், சாலை எவ்வளவு அகலம், கிணறோ ஆழ்துளையோ உண்டா, உண்மையிலேயே 48 கைமாறியதா என்பதை யாரும் விசாரிப்பதில்லை. இரண்டாவது, செலவுக் கணக்கு. “தரைக்குப் போட்ட கல் மட்டும் இவ்வளவு, தேக்குக் கதவு இவ்வளவு.” மூன்றாவது, தேவைக் கணக்கு. “கடனுக்கு 10, மகள் பங்கு 10, அண்ணனுக்கு 10, எனக்கு 10, அம்மாவுக்கு 5, ஆக 45.”

இம்மூன்றும் விற்பவருடைய கணக்குகள். வாங்க வருபவர் இவற்றுள் எதையும் அறியார். அறிந்தாலும் அதற்காகப் பணம் தாரார். அவர் அன்று அதே வட்டாரத்தில் விலைக்கு நிற்கும் நான்கு வீடுகளைப் பார்க்கிறார், தம் கையிருப்பையும் வங்கி தரும் கடனையும் பார்க்கிறார், அவ்வளவே.

இக்குறை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1990 முதல் 1997 வரை விற்பனைக்கு வந்த அடுக்குமாடி வீடுகளை டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்னும் இரு பொருளியல் அறிஞர் ஆராய்ந்து, 2001ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். அக்காலத்தின் தொடக்க ஆண்டுகளில் அந்நகரில் வீட்டு விலைகள் சரிந்திருந்தன. வாங்கிய விலைக்குக் குறைவாக விற்க நேர்ந்தவர்கள், அந்த இழப்பில் ஏறத்தாழக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தாங்கள் சொல்லும் விலையில் ஏற்றிவைத்தனர். சற்றே கூடுதலான விலை அவர்களுக்குக் கிடைத்தது உண்மைதான். ஆனால் ஏற்றிய அளவுக்குக் கிடைக்கவில்லை. விற்பதற்கு மற்றவரைவிட நெடுநாள் காத்திருக்கவும் நேர்ந்தது. ஒரே தெருவில் ஒரே மாதிரியான இரு வீடுகள். ஒருவர் முன்னரே மலிவாக வாங்கியவர், மற்றவர் விலை உச்சத்தில் வாங்கியவர். சந்தைக்கு இரண்டும் ஒன்றே. சொல்லும் விலையில் காணும் வேறுபாடு விற்பவரின் மனப்புண்ணிலிருந்து பிறந்ததாகும். நூறு ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் போகும் வருத்தம் மனிதருக்குப் பெரிதாகத் தோன்றுகிறது என்று டேனியல் கானமன், அமோஸ் டிவெர்ஸ்கி என்னும் உளவியல் அறிஞர் 1979இல் எடுத்துக்காட்டியதும் இதையே. பழைய விலை நம் மனத்தில் மட்டுமே இருக்கிறது; அதை வாங்க வருபவர் மேல் சுமத்த முயல்வது வீண்.

தனி மனிதர் மட்டுமன்று, அரசே தான் குறித்த விலையைக் குறைத்த வரலாறு நம் மாநிலத்தில் உண்டு. பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பை 2012இல் தமிழக அரசு உயர்த்தியது. பல இடங்களில் அது சந்தை விலைக்கு மேல் நிற்கிறது என்னும் முறையீடு எழுந்தது. முடிவில் 2017 ஜூன் 9 முதல் மாநிலம் முழுவதும் 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. பதிவுக் கட்டணம் 1 விழுக்காட்டிலிருந்து 4 ஆக உயர்ந்ததும் அப்போதுதான். பின்னர் 2023இல் கட்டணம் 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, மதிப்பு மீண்டும் உயர்த்தப்பட்டது. 2024 ஜூலை முதல் திருத்திய மதிப்புகள் நடைமுறைக்கு வந்தன. அரசாங்கம் மாற்றலாம் எனில், ஒரு குடும்பம் தான் சொன்ன விலையை மாற்றுவதில் மானக்கேடு என்ன இருக்கிறது?

மூன்று அறிகுறிகள்

விலையைக் குறைக்க வேண்டுமா என்பதை எவ்வாறு அறிவது? வருவோர் போவோரின் நடத்தையே அதைத் தெரிவிக்கும். மூன்று அறிகுறிகளை நினைவில் வையுங்கள்.

யாருமே பார்க்க வரவில்லை எனில், முதலில் வீடு விலைக்கு இருப்பது நான்கு பேருக்குத் தெரிந்திருக்கிறதா எனப் பாருங்கள். ஒரே தரகரிடம் சொல்லிவிட்டு வாளாவிருந்தால் யார் வருவார்? பலரிடம் சொல்லியும், இரண்டு மூன்று திங்கள் கடந்தும், வாசலில் ஒருவரும் நிற்கவில்லையென்றால் விலையே கதவை அடைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

பலர் வருகிறார்கள், பார்க்கிறார்கள், விலை கேட்காமலே போய்விடுகிறார்கள் எனில், குறை பெரும்பாலும் வீட்டிலோ பத்திரத்திலோ உள்ளது. இந்நிலையில் விலையைக் குறைப்பது, காய்ச்சலுக்கு மருந்து தராமல் சட்டையை மாற்றுவது போன்றது. தந்தை பெயரிலேயே பட்டா நிற்கிறதா? வாரிசுச் சான்று வாங்கியாயிற்றா? அடைத்த கடனின் அடமானம் வில்லங்கச் சான்றில் இன்னும் காட்டுகிறதா? அங்கீகாரம் பெறாத மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தடை விதித்ததையும், 2016 அக்டோபர் 20க்கு முன் உண்டான மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்ததையும் வாசகர் அறிவர். அவ்வாறு வரன்முறை பெறாத மனை எனில், வங்கிக் கடனை நம்பி வருபவர் பத்திரத்தைப் பார்த்ததும் எழுந்துவிடுவார். 5 இலட்சம் குறைப்பதைவிட, உரிய கட்டணம் கட்டி ஆவணத்தைச் சீர்செய்வது குறைந்த செலவில் முடியக்கூடும். கறையான், ஒழுகும் கூரை, தூர்ந்த சாக்கடை ஆகியனவும் இவ்வகையே.

வருபவர் பலரும் ஒருவரையொருவர் அறியாமலே ஏறத்தாழ ஒரே தொகையைச் சொல்கிறார்கள் எனில், அதுவே அந்த வீட்டின் இன்றைய விலை. 39, 40, 40½ என்று மூவர் கேட்டபின் 45ஐப் பற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. நெடுநாள் விலைக்கு நிற்கும் வீட்டைக் கண்டால், “இத்தனை நாளாக ஏன் போகவில்லை? உள்ளே ஏதோ குறை இருக்கும்” என்ற ஐயம் பிறக்கிறது. நல்ல வீடும் நாள்பட நாள்படக் கெட்ட பெயர் வாங்குகிறது. முதல் திங்களில் 2 இலட்சம் தளர்த்தினால் முடிந்திருக்கக்கூடிய காரியம், மூன்றாம் ஆண்டில் 6 இலட்சம் தளர்த்தியும் முடியாமற் போகலாம்.

குறைக்கக் கூடாத காலம்

விலையைக் குறைக்காமல் காத்திருக்க வேண்டிய காலமும் உண்டு என்பதை மறைக்கலாகாது. ஊர் முழுவதையும் பாதிக்கும் நிகழ்ச்சியால் வாங்குவோர் ஒதுங்கி நிற்கும்போது குறை நம் விலையில் இல்லை. 2016 நவம்பர் 8ஆம் நாள் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்ட பின்னர் வந்த திங்கள்களை எண்ணிப் பாருங்கள். எந்த விலை சொன்னாலும் கையில் பணமெடுத்து வருபவர் அரிதாயினர்.

நம் அன்னூரிலேயே அண்மையில் கண்ட எடுத்துக்காட்டு இன்னும் தெளிவானது. அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களின் சிற்றூர்களில் 3,800 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் தொழிற்பூங்கா அமைக்க 2021இல் அரசு முற்பட்டது. உழவர்கள் எதிர்த்துப் போராடினர். விருப்பமில்லாத உழவரின் நிலம் எடுக்கப்படமாட்டாது என்றும், தனியார் நிறுவனம் ஒன்றின் கைவசமிருந்த ஏறத்தாழ 1,630 ஏக்கர் மட்டும் பயன்படுத்தப்படும் என்றும் 2022 டிசம்பரில் அரசு அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் அச்சிற்றூர்களில் வீடோ காடோ விற்க முனைந்தவர் நிலை என்ன? நாளை கையகப்படுத்தப்படலாம் என்ற பேச்சு எழுந்த மண்ணை வாங்க யார் துணிவார்? அத்தகைய வேளையில் அச்சத்தால் பாதி விலைக்குத் தள்ளிவிடுவது பேதைமை. மேகம் எதுவரை நிற்கும் என்று விசாரித்து, இயன்றவர் காத்திருப்பதே நலம்.

ஆனால் இதையே சாக்காகவும் கொள்ளலாகாது. “அவிநாசி அத்திக்கடவுத் திட்டம் வந்துவிட்டது, இனி நம் மண் பொன்” என்று 2024 ஆகஸ்டு 17இல் அத்திட்டம் தொடங்கியபின் சொல்லாதார் யார்? கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 நீர்நிலைகளுக்குப் பவானி நீரைக் கொண்டுவரும் அத்திட்டம் பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. குளம் நிறைந்தால் கிணறு ஊறும், தோட்டம் செழிக்கும். ஆனால் ஐந்து சென்ட் வீட்டுமனையின் விலை அதனால் எவ்வளவு ஏறும் என்பதைத் தரகரின் வாய் முடிவு செய்யாது. உண்மையாகவே நடந்த கிரயங்கள்தாம் முடிவு செய்யும். காத்திருப்பதற்குக் காரணம் கூறுபவர், “எந்த நாளில், எந்த நிகழ்ச்சிக்குப்பின் இது மாறும்?” என்னும் கேள்விக்கு விடை கூற இயலவேண்டும். விடை இல்லையெனில் அது காரணமன்று, கனவு.

முன்கூட்டியே நாள் குறியுங்கள்

இனி நாம் முதன்மையாக வற்புறுத்த விரும்புவதைக் கூறுவோம். விலையை எப்போது குறைப்பது என்பதை, குறைக்க வேண்டிய நெருக்கடி வந்தபின் முடிவு செய்யாதீர்கள். விலை சொல்லும் நாளிலேயே முடிவு செய்யுங்கள். அன்று யாரும் யாரோடும் சினந்திருக்கவில்லை, யாரும் தோற்கவில்லை. “இன்று 45 சொல்கிறோம். மூன்று திங்களுக்குள் 42க்கு மேல் யாரும் கேட்கவில்லையெனில் 42½ என்று சொல்வோம். மேலும் மூன்று திங்களில் முடியாவிட்டால் 40க்குக் கேட்பவருக்குக் கொடுப்போம். அதற்குக் கீழே போவதாயின் மறுபடி எல்லாரும் கூடிப் பேசுவோம்.” இவ்வாறு ஒரு தாளில் எழுதி, நாள் குறித்து, பங்குடையோர் அனைவரும் கையொப்பமிடுங்கள். அந்த நாள் வரும்போது விலையைக் குறைப்பவர் அண்ணனும் அல்லர், தம்பியும் அல்லர். எல்லாருமாக எழுதிய தாளே குறைக்கிறது. யார்மேலும் பழி இல்லை.

குறைக்கும்போது ஒரே தடவையில் கண்ணுக்குத் தெரியும்படி குறையுங்கள். வாரம் பத்தாயிரம், இருபதாயிரம் என்று கசியவிட்டால், “இன்னும் இறங்குவார்கள்” என்று பார்த்தவர்கள் காத்திருப்பார்கள். முன்னர் 40க்குக் கேட்டவர் வேறு வீடு வாங்கியிராவிட்டால், அவருக்கு முதலில் சொல்லியனுப்புங்கள். மறுத்தவரிடம் திரும்பச் செல்வது தாழ்வன்று.

பங்குடையோர் அனைவரும் என்று ஏன் கூறினோம்? உயில் எழுதாமல் ஒரு கிறிஸ்தவர் இறந்தால் அவருடைய சொத்து 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரு பங்கும் மக்களுக்குச் சமமாக. ஆண், பெண் என்ற வேற்றுமை அதில் இல்லை. நம் எடுத்துக்காட்டில் 45 இலட்சத்தைப் பங்கிட்டவர்கள் தாய்க்கு ஐந்தே இலட்சம் ஒதுக்கினார்கள் அல்லவா? சட்டம் அவருக்குத் தருவது அதனினும் இரு மடங்குக்கு மேல். கோவையில் வாழ்க்கைப்பட்ட மகளும் கிரயப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டியவரே. அவர்களைக் கேளாமல் விலையை உயர்த்தவும் உரிமையில்லை, குறைக்கவும் உரிமையில்லை. மூத்தவரின் பிடிவாதத்தால் வீணாகும் திங்களுக்கு 27,500 ரூபாயில் மூன்றில் ஒரு பங்கு தாயுடையது என்பதை மூத்தவர் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பாராக.

குறைக்குமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் தெருவின் வழிகாட்டி மதிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே விலை இறங்கினால் முத்திரைத் தீர்வை வகையில் மாவட்ட அதிகாரிகளின் விசாரணைக்குப் பத்திரம் போகக்கூடும். வருமான வரித்துறையும், வேறுபாடு 10 விழுக்காட்டைத் தாண்டினால், வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாகக் கொள்ளும். தணிக்கையாளர் ஒருவரைக் கலந்துகொள்வது நன்று.

வாங்குபவரின் கையையும் சிறிது எண்ணிப் பாருங்கள். 40 இலட்சம் விலையெனில், முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு. அதாவது 3,60,000 ரூபாய் அவர் தனியே செலுத்த வேண்டும். 30 இலட்சத்துக்கு மேல் 75 இலட்சம் வரையான வீட்டுக் கடனில் வங்கி மதிப்பில் 80 விழுக்காடுதான் தர விதி உண்டு. ஆகவே 32 இலட்சம் வங்கி தந்தாலும் 11,60,000 ரூபாய் அவர் கைப்பணம் வேண்டும். இந்நிலையில், “பத்திரத்தில் 25 போடுவோம், மீதியைக் கையில் கொடுங்கள்” என்று விற்பவர் வற்புறுத்தினால் என்ன ஆகும்? பத்திரத்தில் உள்ள தொகைக்கு மட்டுமே வங்கி கடன் தரும். நேர்மையாகச் சம்பளம் வாங்கிச் சேமித்த ஆசிரியரும் ஆலைத் தொழிலாளியும் விலகிச் செல்வர். வாங்குவோர் குறைந்தால் விலை குறையும். பொய்க்கணக்கு பாவம் என்று மட்டும் நாம் கூறவில்லை. அது நட்டமும் ஆகும். வீட்டுக்கு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2015 ஜூன் முதல் சட்டமும் தடுத்திருக்கிறது.

நீதியான விலை

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினாஸ், பொருளை அதன் மதிப்புக்கு மேல் விற்கலாமா என்னும் வினாவைத் தம் பெருநூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அவர் காட்டும் வேறுபாடு நுட்பமானது. பொருளைப் பிரிவதால் விற்பவருக்கு உண்மையான இழப்பு நேருமானால், அந்த இழப்பையும் விலையில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வாங்குபவருக்குள்ள நெருக்கடியைக் கண்டு அதற்காக விலையை ஏற்றக்கூடாது. ஏனெனில் அத்தேவை விற்பவருக்குச் சொந்தமான பொருளன்று. பொருளிலுள்ள மறைந்த குற்றத்தை ஒளிப்பதும் முறையன்று என்கிறார்.

இந்த அளவுகோலை மறுபுறமும் திருப்பிப் பாருங்கள். வாங்க வருபவருக்கும் ஒரு கடமை உண்டு. கைம்பெண் ஒருவர் கடன்காரருக்கு அஞ்சி விற்கிறார் என்று தெரிந்தபின், “இன்னும் இரண்டு திங்கள் பொறு, தானாக 30க்கு வருவார்” என்று தரகரோடு கண்சாடை காட்டுபவர், அவருடைய நெருக்கடியைத் தம் முதலாக்கிக்கொள்கிறார். சந்தையில் அது சாமர்த்தியம் எனப்படலாம். ஞாயிறுதோறும் அதே பெண்மணியின் அருகில் முழந்தாளிடுபவருக்கு அது தகுமா? வாங்க எண்ணமுள்ளோர், நேர்மையான விலையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு நல்ல வேண்டுகை, விற்பவரையும் மயக்கத்திலிருந்து விடுவிக்கும்.

ஊர்ப்பெரியோருக்கும் ஒரு சொல். அடுத்த தெரு வீடு என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்டால், தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள். நாற்பத்திரண்டை நாற்பத்தெட்டாக்கிச் சொல்வதால் உங்களுக்கு ஊதியம் ஏதுமில்லை. கேட்டவருக்கோ ஈராண்டு போய்விடுகிறது.

வீட்டைப் பிரிவது எளிதன்று என்பதை நாம் அறியாமலில்லை. கதவருகில் பிள்ளைகளின் உயரத்தைக் கோடிட்ட சுவர் அது. தந்தை தம் கையால் நட்ட தென்னை நிற்கும் முற்றம் அது. விலையைக் குறைக்கும்போது தந்தையின் உழைப்பையே குறைத்துவிட்டதாகச் சிலர் கலங்குகின்றனர். அவ்வாறன்று. அவர் உழைப்பின் மதிப்பு அவர் வளர்த்த மக்களிடத்தே இருக்கிறது. செங்கல்லின் மதிப்பு மட்டுமே பத்திரத்தில் எழுதப்படுகிறது. அவர் மருத்துவத்துக்கு வாங்கிய கடன் அடைந்து, அவர் துணைவியார் கடன்காரர் குரலுக்கு அஞ்சாமல் உறங்கினால், அதுவே அவருக்குச் செய்யும் நன்றி.

ஆகவே விற்பனைக்கென வீடு வைத்திருக்கும் இல்லத்தார் வரும் ஞாயிறு மாலை கூடி அமருங்கள். அயலூரில் இருப்பவரைத் தொலைபேசியில் அழைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். திங்களுக்கு எவ்வளவு தின்கிறது என்ற கணக்கை முதலில் போடுங்கள். பின்னர் மூன்று அறிகுறிகளையும் பாருங்கள். அதன்பின் நாளும் தொகையும் எழுதுங்கள். தாயாரைத் தலைமையிடத்தில் அமர்த்தி, அவர் கருத்தை முதலில் கேளுங்கள். கையொப்பமிட்டு எழுந்தபின், எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்டுவிட்டுப் பிரியுங்கள்.

தந்தையார் ஓர் உயில் எழுதிவைத்திருந்தால் இச்சிக்கல்களில் பாதி எழுந்திராது அல்லவா? அது பற்றி அடுத்த திங்களில் எழுதுவோம்.